சினை நண்டுக்கு ஒரு குறி

மண்டபம் வடகரை. நண்டுக் கொட்டகையில்
ஐஸ் பெட்டிமேல் மடிக்கணினி.
இறக்குவது, தரம் பிரிப்பது, எடை, அவியல்:
ஒரே வேலையை இரண்டு எக்ஸ்எம்எல்லில்
எழுதிப் பார்க்கிறேன்.

எக்ஸ்பிடிஎல், எந்தக் கட்டம் திரையில்
எங்கே நின்றது என்பதைக்கூட மறப்பதில்லை.
பீபெல்லுக்கு அந்த ஞாபகம் கிடையாது,
ஓடத்தான் தெரியும்;
ஆள் உட்கார ஒரு முக்காலி அதில் இல்லை.

முக்காலியில் அமலோற்பவம்
நண்டைப் புரட்டுகிறாள். ஆரஞ்சுச் சினை.
எடைத்தட்டுக்குப் போகாமல் தண்ணீர் வாளிக்கு.

எக்ஸ்பிடிஎல்லில் அதற்கொரு அம்பு வரைந்தேன்,
கட்டங்களைத் தாண்டி, ஓரம்வரை.
பீபெல்லில் 'எறி' என்று ஒரு குறி;
பிழை நேர்ந்தால் மட்டுமே வருவது.
வேறு வழியில்லாமல்
'பிழை' என்றே பெயரிட்டேன்.

வாளியைக் கடலில் கவிழ்த்துவிட்டு வந்தவள்
"பிழைச்சுப் போவட்டும்" என்றாள், யாரிடமோ.

கோப்பில் அந்தப் பெயரை
நான் மாற்றவில்லை.