தேய்மானம்

முப்பத்தோராயிரத்து இருநூறு புள்ளிகள்.
சித்திரை பதினேழோடு காலாவதி என்று
கைப்பேசி மூன்று முறை சொல்லிவிட்டது.
எல்லாம் மற்றவர் படகு உடைந்த இரவுகள்.
காக்கிநாடாவில் ஒன்பது, கொல்லத்தில் ஆறு,
நாகப்பட்டினத்தில் புயலுக்குப் பின் தொடர்ந்து பதினான்கு.
பகலில் பிளந்த பலகையை விரலால் அளப்பேன்;
இரவில், குளிரூட்டிய அறையில்,
அளந்ததைத் தொகையாக்குவேன்.
வாடகை நிறுவனம் கட்டியது.
புள்ளி என் பெயரில் விழுந்தது.

ஊட்டி என்றார் வில்லாயுதம்.
நான் மண்டபம் என்றேன்.
இரண்டு கடலும் ஒரே நடையில் கிடைக்கிற ஊர்.
வேலையாக ஏழு முறை போயிருக்கிறேன்,
ஒரு முறைகூடக் கால் நனைத்ததில்லை.

கணக்கு எனக்குத் தொழில்.
செவ்வாய்க்கிழமை வாடகை நாலாயிரத்து இருநூறு.
சனிக்கிழமை அதே கட்டில் ஒன்பதாயிரத்து எண்ணூறு.
புள்ளியில் கொடுத்தால்
என்றைக்கும் இருபத்து நாலாயிரம்தான்.
செவ்வாயில் ஒரு புள்ளி பதினேழரைக் காசு பெறும்,
சனியில் நாற்பது காசுக்கு மேல்.
ஆகவே சனிக்குப் புள்ளி,
ஞாயிறு இரவுக்குப் பணம்.
வில்லாயுதம் என்னைப் பார்த்த பார்வையில்
ஒரு படகுக்காரர் இருந்தார்.

கடல் பார்த்த அறைக்குக் கூடுதல் புள்ளியாம்.
எந்தக் கடல் என்று தொலைபேசியில் கேட்டேன்.
"வடகடல்னா மூவாயிரம், தென்கடல்னா ஆறு."
ஏன் அப்படி?
"தென்கடல் நீலமா இருக்கும் மேடம்.
அந்தப் பக்கம் தடைக்காலம்,
வெறும் படகுதான் தெரியும்."
தென்கடல் சொன்னேன்.

சனி மதியம்
நீள்காம்புக் கண்ணாடிக் கிண்ணத்தில், ஒயின் மாதிரி,
சாயல்குடிப் பதநீர் நீட்டினார்கள்.
"உடனே குடிச்சிருங்க, நேரமானா புளிச்சிரும்."
அதற்கும் காலாவதி.

மேசைக்குப் பின்னால் இருந்தவன்
சட்டையில் நம்புசெல்வம் என்று குத்தியிருந்தது.
என் அடையாள அட்டையைச் சற்று அதிக நேரம் வைத்திருந்தான்.
"பாம்பன்ல எங்க சித்தப்பா விசைப்படகுக்கு
முப்பது சதவீதம் தேய்மானம் கழிச்சது
நீங்கதானே மேடம்?"

படகின் பெயர் கேட்டேன்.
சொன்னான்.
நினைவில்லை என்றேன்;
அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.
பிறகு விதியைச் சொன்னேன்,
ஆறு வருடம் தாண்டிய மரப்படகு என்றால்...
அவன் தலையாட்டினான்.
"எல்லாருக்கும் அப்படித்தானாம். சித்தப்பாவே சொன்னாரு."
சாவி அட்டையை உறையில் போட்டுக் கொடுத்தான்.

கதவைத் திறந்தால் வடகடல்.
தோளோடு தோள் ஒட்டிப் படகுகள்,
தடைக்காலத்தின் சும்மாவில் ஆடிக்கொண்டு.
கரையேற்றிய ஒன்றின் அடிவயிற்றில்
இரண்டு பேர் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார்கள்.
கீழே கூப்பிட்டுச் சொல்லட்டுமா என்றார் வில்லாயுதம்.
தவறா,
வேண்டுமென்றேவா,
தென்பக்கம் அறை நிறைந்துவிட்டதா.
கைப்பேசியைத் திறந்து பார்த்தேன்.
மூவாயிரம் புள்ளி திரும்ப ஏறியிருந்தது.
முழு மூவாயிரம்.
ஒன்றும் கழிக்கவில்லை.

தென்கடல் பத்து நிமிட நடை.
அதற்கு யாரும் புள்ளி கேட்கவில்லை.
அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.
நான் கணுக்கால் வரை.
நீலமாகத்தான் இருந்தது, சொன்னபடியே.

ஞாயிறு காலை காப்பியோடு சன்னலில் நின்றவள்
அந்தப் படகின் பலகைகளை
எண்ணிக்கொண்டிருந்ததைப் பாதியில்தான் கவனித்தேன்.
நீர்க்கோட்டுக்குக் கீழே மூன்று புதுசு.
நாலாவது இந்த வருடம் தாங்கும்.

திங்களன்று கிளம்பும்போது அவனுக்கு விடுமுறை.
ஞாயிற்றுக் கட்டணத்துக்கு
இருநூற்றுப் பத்துப் புள்ளி விழுந்தது,
அந்தச் சிறுதொகையால்
மொத்தத்தின் காலாவதியும் அடுத்த சித்திரைக்குத் தள்ளிப்போயிற்று.
பாலம் ஏறாமல் உச்சிப்புளிப் பக்கம் வண்டி திரும்பியபோது
அந்தப் படகின் பெயரை யோசித்தேன்.
இது
இரண்டாம் முறை மறப்பது.