இருபதுக்கு முப்பது

இன்ஜினியர் ஜெயபாரதியின் பிளானில்
ஹால்தான் பெரிது.
யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று கேட்டேன்.
சிரித்தாள். ரப்பரை என் பக்கம் நகர்த்தினாள்.

சூரமங்கலத்தில் இருபதுக்கு முப்பது மனை.
அவர் கூட்ஸ் வண்டி கார்டு.
ஜோலார்பேட்டையிலிருந்து விடியலில் வந்து
மிக்சி ஓடும் நேரத்தில் தூங்குகிறவர்.
எங்களுக்கு வேண்டியது
பகலிலும் ராத்திரி இருக்கிற ஓர் அறை,
அடுப்படிக்கு எட்டாத மூலையில்.

கஞ்சமலைப் பக்கம் இறங்கும் வெயிலை
மாடிப்படியும் குளியலறையும் வாங்கிக்கொள்ளட்டும்.
அடுப்பு அக்னி மூலையில்:
மாமனாருக்கு வாஸ்து,
எனக்குக் காலை வெளிச்சம்.
கக்கூஸ் கதவு சோற்றுத் தட்டைப் பார்க்கக் கூடாது.
நடை என்று தனியாக வேண்டாம்,
பீரோ திரும்பினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு படி கோலமாவு கொண்டுபோய்
வெறும் மண்ணில் வீட்டை முழு அளவில் போட்டோம்.
அவர் துண்டை விரித்துத் தன் அறையில் படுத்தார்.
பாதம் கோட்டுக்கு வெளியே.
"ஒன்பது அங்குலம் தள்ளணும்,"
கண்ணைத் திறக்கவில்லை.
இல்லாத கல்லில் இல்லாத தோசையைத் திருப்பிவிட்டு
மூன்றே எட்டில் நான் மேசைக்கு வந்தேன்.
பக்கத்து வீட்டு ஆடு
சாமி அலமாரியைக் கடந்து போனது.
மிதுனா மட்டும் வாசலை மதிக்காமல்
கிழக்குச் சுவருக்குள் புகுந்து புகுந்து ஓடினாள்,
சுவர் அவள் காலில் ஒட்டிக்கொண்டு
தெருவரைக்கும் வந்தது.

அவர் நிஜமாகவே தூங்கிவிட்டார்.

சத்தம் போடாமல் ஜெயபாரதிக்குப் போன் செய்தேன்:
அவள் ஓடின இடத்தில் ஒரு கதவு வை.
கீல் மட்டும்
கிறீச்சிடாததாகப் பார்.