வெள்ளைத் துணிகளுக்கு இரண்டு வளைவு கீழே

கொட்டகையில் அது மூக்கு குத்தி நிற்கும்.
சமதளம் அதற்கு ஊனம்.
கொதிகலனைச் சாய்த்தே பூட்டி அனுப்பியிருந்தார்கள்
விண்டர்தூர் பட்டறையில்.
புதிதாய்ப் பார்ப்பவர்கள்
முன்சக்கரம் உடைந்துவிட்டதா என்பார்கள்.
நாலுக்கு ஒன்று ஏற்றம் வரட்டும்,
மலை சாயும், இது நிமிரும்.
கண்ணாடிக் குழாயில் தண்ணீர்
தட்டில் ஊற்றிய பால்போல் மட்டமாய் நிற்கும்.

நான் கரி அள்ளிப் போடுகிறவன்.
ஓட்டுபவர் மெல்கியோர் ஹுக்லர்.
பெட்டியை நாங்கள் இழுப்பதில்லை.
கொக்கி கிடையாது, சங்கிலி கிடையாது.
கீழிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளுவோம்;
இறங்கும்போது அதே முட்டில்
அது எங்கள்மேல் சாய்ந்துகொண்டு வரும்.
கட்டிவைத்தால்தான் கூட வருமா என்ன,
என்பார் மெல்கியோர்.
மனைவி விட்டுப்போனவர்.

உச்சி விடுதியை நடத்திய வெரேனா அப்பிளானால்ப்
எங்கள் முதல் விசிலுக்கே திட்டத் தொடங்குவார்.
தண்டவாளத்துக்கு நேர் மேலே அந்தம்மாவின் கொடி,
அதில் எட்டு விரிப்புகள்,
காற்றோ எப்போதும் எங்கள் கட்சி.
ஒருநாள் கரித்துகள் அப்பிய விரிப்பைக் கொண்டுவந்து
மெல்கியோரின் மடியில் போட்டார்:
நீயே துவை.
துவைத்தார். எஞ்சினின் வெந்நீரில்,
என்னிடம் சோப்பு கடன் வாங்கி.
மடித்துத் திருப்பிக் கொடுத்தபோது
ஓரத்தில் எண்ணெய் விரல்கள் ஐந்து.
பதினேழு கோடை நடந்தது இந்த வழக்கு.

செப்டம்பர் கடைசியில் முதல் பனி.
செவ்வாய் இரவு போய்விட்டார் என்று
வியாழன்தான் தொலைபேசி வேலை செய்தது.

காலிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனோம்.
முன்மேடையில் பிரேக் பிடிக்க யோஸ்ட்,
மூக்கு சிவந்து, பேச்சில்லாமல்.
அடியில் பல்சக்கரம் தண்டவாளப் பல்லைத் தேடித்தேடி
கடக், கடக்,
ஒன்றை விடுமுன் அடுத்ததைப் பிடித்துக்கொண்டு.
நான் வழக்கம்போல் அள்ளிப் போட்டேன்,
புகை வழக்கம்போல் மேலே போனது.

கடைசிப் பாறையைத் தாண்டியதும் தெரிந்தது
கொடி.
செவ்வாய்க் காலை அவரே காயப்போட்ட எட்டு விரிப்புகள்,
உறைந்து, பலகைகளாக,
காற்றுக்கும் அசையாமல்.
யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை போலும்.

மெல்கியோர் நீராவியை அடைத்தார்.
சரிவின் நடுவில் பல்லைக் கவ்வி நின்றது வண்டி.
இன்னும் இரண்டு வளைவு இருக்கிறதே என்றேன்.
"புகை" என்றார்.
அவ்வளவுதான்.

முழங்கால் பனியில் நடந்து ஏறினோம்.
சமையற்காரி ஒட்டீலியா ஒரு முனை,
யோஸ்ட் ஒரு முனை,
முன்னூறு எட்டு, இரண்டு முறை வழுக்கல்.
வழுக்கிய இரண்டு முறையும்
பெட்டியைப் பார்த்து மெல்கியோர் மன்னிப்புக் கேட்டார்.

இறக்கத்துக்குக் கரி வேண்டாம்.
உருளைகள் வெறும் காற்றை அமுக்கி அமுக்கி
கனத்தைப் பிடித்துக்கொள்ளும்;
புகைபோக்கி சும்மா கிடக்கும்.
முனகலும் கொஞ்சம் வெள்ளை ஆவியும், அவ்வளவே.
ஆறு டன் பெட்டியில் ஒரு மனுஷியின் எடை
எங்கள்மேல் சாய்ந்தது தெரிந்ததா என்றால்
எனக்குத் தெரியவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.
மெல்கியோர் மட்டும் பிரேக் பிடியை
இரண்டு கையாலும் பிடித்திருந்தார்,
ஒரு கை போதும் அதற்கு.

ஜூனில் விடுதிக்குப் புது ஆட்கள்.
துணியைப் பின்பக்கம், தெற்கு வெயிலில் காயப்போடுகிறார்கள்;
எங்கள் புகை அங்கே எட்டாது.
ஆனாலும் அந்த இடம் வந்ததும்
வண்டி நிற்கும், ஒரு நிமிஷம்.
என்ன ஆயிற்று என்று பயணிகள் எட்டிப் பார்ப்பார்கள்.
தண்ணீர் மட்டம் பார்க்கிறோம்,
என்பார் மெல்கியோர்.

நானும் குனிந்து பார்ப்பேன்.
மட்டமாகத்தான் இருக்கும்.