உள்பக்கம் மட்டும்

வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரி மேசையில்
டாக்டர் ஷிபானா இரண்டு முட்டுகளை எடுத்து வைத்தார்.
இரண்டும் பாதி முட்டுகள்.
உங்களுக்குத் தேய்ந்தது உள்பக்கம் மட்டும்தான்,
வெளிப்பக்கம் அப்படியே இருக்கட்டும் என்றார்.

ஒன்றில் பிளாஸ்டிக் வில்லை
எதிலும் ஒட்டாமல் கிடந்தது.
மடக்கினால் பின்னே போகிறது,
நீட்டினால் முன்னே வருகிறது.
தேய்மானம் குறைவுதான், ஆனால் என்றைக்காவது
நழுவி வெளியே வந்துவிடலாம்.
மற்றதில் வில்லையைத் தட்டோடு பூட்டியிருந்தார்கள்.
நழுவாது.
ஒரே தடத்தில் உரசி உரசித் தேயலாம்.

இருபத்திரண்டு வருசமாய்ப்
பணகுடிக் காற்றாடிகளுக்கு பேரிங் மாற்றுகிறவன் நான்.
கிரீஸ் எந்த வழியாய் அடிப்பீர்கள் என்றேன்.
அதை உங்கள் உடம்பே சுரக்கும் என்றார்,
சிரிக்காமல்.
அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போனது.

மேலே எங்கள் தண்டில்
ஒரு முனையைக் கட்டிப்போடுவோம்,
மறுமுனையை விட்டுவைப்போம்.
சூட்டில் இரும்பு நீளும், அதற்குப் போக்கிடம் வேண்டும்.
இங்கே ஏதாவது ஒன்றைத்தான்
எடுக்கச் சொல்கிறார்கள்.

இடைவெளி எப்படிப் பார்ப்பீர்கள்?
இழுப்பறையைத் திறந்தார்: ஃபீலர் கேஜ்!
மூன்று மில்லி, நான்கு மில்லி, ஐந்து.
என் டூல்ஸ் பெட்டியில் இருப்பதற்கு
ஒன்றுவிட்ட தம்பி.
மடக்கி ஒரு தரம், நீட்டி ஒரு தரம்,
இரண்டிலும் ஒரே தகடு நுழைய வேண்டுமாம்.
தங்கபுஷ்பம் என் தொடையைக் கிள்ளினாள்:
"வந்த காரியத்தைக் கேளும்வே."

கேட்டேன்.
எதைப் போட்டால் மறுபடி டவர் ஏறலாம்?
எண்பது மீட்டர், நேர்குத்து ஏணி.
எதைப் போட்டாலும் வேண்டாம் என்றார்.

பிறகு கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்.

உங்களுக்கு எதில் கை பழக்கம்?
யோசிக்காமல் தொட்டார்,
நழுவக்கூடியதை.
அப்போ அதையே போடுங்க.
புது மாடல் மெஷினைத் திறந்துவிட்டு
கம்பெனி இன்ஜினியரே முழிப்பதை
மேலே நின்று பார்த்தவன் நான்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில்
வள்ளியூர் தாண்டியதும் ஆடிக்காற்று கண்ணாடியை உலுக்கியது.
எல்லாம் சுற்ற, நாற்பத்தேழாம் நம்பர் மட்டும்
சிலுவை மாதிரி நின்றது.
லிங்கத்துரைக்குப் போன் போட்டேன்.
லே, கட்டின முனையா, விட்ட முனையா?
"இன்னும் ஏறலண்ணே. காத்து ரொம்பப் பலமா இருக்கு."
சரி, அடங்கட்டும் என்றேன்.

காற்று அடங்கப் புரட்டாசி ஆகும்.
எனக்குப் புதன்கிழமை.