வேண்டுவன

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் உயிரோடிருக்க வேண்டும்.
அதில் இரண்டு பக்கம் வெறுமையாக வேண்டும்.
புகைப்படம் வெள்ளைப் பின்னணியில், காது தெரிய,
சிரிப்பில்லாமல் வேண்டும்.
மூன்று மாத வங்கிக் கணக்கு, முத்திரையோடு.
போகிற டிக்கெட்டுக்கு முன்பே
திரும்புகிற டிக்கெட் வேண்டும்.

ஏஜெண்ட் இதாயத்துல்லா ஒவ்வொன்றாய் டிக் அடித்துப்
பெயரில் வந்து நின்றார்.
"வேண்டாவா?"
ஆமாம், மு. வேண்டா.
நாலாவதும் பெண் என்றதும் அப்பா வைத்தது.
இப்படி வைத்தால் அடுத்தது பையனாம்.
பிறந்தான்.
அவன் இன்னும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை.

ஆம்பூரிலிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர்,
நின்றுகொண்டே போனேன்.
தலைமைத் தபால் நிலையத்தில்
முத்திரை குத்தும் சத்தத்துக்குப் பக்கத்துக் கவுண்டர்.
"இனிஷியல் செல்லாதுங்க, விரிச்சு எழுதணும்."
குடை மாதிரி விரித்தேன்:
முனிரத்தினம்.
முப்பத்தெட்டு வருஷமாய் அவரை
ஒரு புள்ளிக்கு முன்னால் மடித்து வைத்திருந்தேன்.
ஒற்றை எழுத்தாய் இருந்தவரை கனமில்லை.

ரேகைக் கண்ணாடிக்கு என் வலது ஆள்காட்டி பிடிக்கவில்லை.
பதினேழு வயதில்
அப்பர் தைக்கிற ஊசி
நகத்தோடு இறங்கி ஏறிய விரல் அது.
"துடைச்சிட்டு வைங்க." துடைத்தேன்.
"அழுத்துங்க." அழுத்தினேன்.
நாலாம் முறை ஒத்துக்கொண்டது,
சலித்துப்போய் இருக்கலாம்.

விசாரணைக்கு வந்த ஏட்டு
எதிர்வீட்டு சுலோச்சனாவிடம் கேட்டார்,
"இது எப்படிப்பட்ட பொம்பளை?"
குழாயடிச் சண்டையில் ஆறு வருஷம் பேசாதவள் சொன்னாள்:
"அது வேலைய அது பாக்கும் சார்."
மறுநாள் விடியற்காலை
அவள் குடத்துக்கு முன்னிடம் விட்டேன்.
இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

துனிசியாவிலிருந்து அழைப்புக் கடிதம் வந்தது,
பாதி பிரெஞ்சு, பாதி அரபி.
அடுத்த மெஷின் தபசும் அரபிப் பாதியைத்
தங்குதடையில்லாமல் படித்தாள்.
அத்தனை அழகாக இருந்தது,
தையல் ஹாலே மோட்டாரை நிறுத்திக் கேட்டது.
"அர்த்தம் என்னடீ?"
"ஓதத்தான் தெரியும்க்கா."
சம்பளம் அந்தப் பாதியில்தான் இருந்திருக்கிறது.

டெல்லிக்குப் போன பாஸ்போர்ட்
பத்தொன்பது நாள் வரவில்லை.
ரேஷன் கடைக்காரர் பெயர் சொல்லி அழைத்தால்கூட
இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லத் தோன்றியது.
வந்தபோது உறையைக் கிழிக்காமல்
தையல் பிரிப்பதுபோல் பிரித்தேன்.
தொண்ணூறு நாள். ஒரே ஒரு முறை நுழையலாம்.
சுலோச்சனா ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயை
வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

சென்னையில் சீருடைக்காரி, "மிசஸ் முனிரத்தினம்?"
தோஹாவில் ஒலிபெருக்கி,
முனிரத்தினம், முனிரத்தினம், கடைசி அழைப்பு.
துனிசில் அட்டை பிடித்து நின்ற பையன்
எழுத்துக்கூட்டிப் படித்ததும் அதைத்தான்.
பாலாற்றுப் பாலம் தாண்டினாலே
தலை சுற்றுகிறது என்று பஸ்ஸை விட்டு இறங்கிய மனிதர்
கவுண்டருக்குக் கவுண்டர் எனக்கு முன்னால் போனார்.
அவர் பெட்டியையும் நானே தூக்கினேன்.

ஷூ கம்பெனியில் முதல் நாள்.
நாற்பது பெண்கள், நாற்பது மெஷின்,
எங்கள் ஹாலில் அடிக்கும் அதே பசை வாடை.
பெயர் கேட்டார்கள். சொன்னேன்.
'வ' வராத வாய்களில் அது ஃபெண்டா ஆயிற்று,
ஃபெண்டா, ஃபெண்டா என்று வரிசை நெடுகப் போயிற்று.
அர்த்தம் கேட்டாள் ஒருத்தி.
ஓதத்தான் தெரியும் என்றேன், தமிழில்.
மொழிபெயர்க்க வந்தவள் என்ன சொன்னாளோ,
எல்லோரும் பெரிதாய்த் தலையாட்டினார்கள்.
ஊசிக்குக் கீழே விரல் எங்கே இருக்கக் கூடாது என்று
முதலில் அதைக் காட்டினேன்.