பிடரியில் ஒன்றரை இன்ச்

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வர
ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும்.
செகண்ட் ஷோ பத்தேகாலுக்கு.
நடுவில் பரோட்டாவா ஷேர் ஆட்டோவா என்றால்
ஆட்டோதான்.
கடல் கொப்பளிக்கும் முதல் குமிழியை
விட்டுவிட்டால் அப்புறம் அது என்ன படம்.

நாங்கள் என்றால்
செக்கிங் டேபிளில் நான்,
ஓவர்லாக் டெய்லர் வெள்ளியங்கிரி,
கைமடிக்கும் கோகிலவாணி,
ஒடிசாவிலிருந்து வந்த திகம்பர்.
அவனுக்குத் தமிழ் பாதிதான் வரும்.
ஆனால் மிருகம் வாய் திறக்கும்போது
முதலில் எழுந்து நிற்பது அவன்.
உறுமலுக்கு டப்பிங் கிடையாது.

முதல் ஒரு மணி நேரம் மனுசப் பேச்சு.
விஞ்ஞானி பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்பார்.
ராணுவத்தார் மேசையைக் குத்துவார்.
"ஏனுங், இவிய பேசி முடிக்கறதுக்குள்ள
அது மறுக்காத் தூங்கிப் போயிருமுங்"
என்று பின்வரிசையில் ஒரு குரல்.
பிறகு ஒரு பாதம்,
பாதம் மட்டும்,
பாலத்தின் மேல் இறங்கும்.
கோகிலவாணி என் தோளைக் கடித்துவிட்டாள்.
பல்தடம் செவ்வாய் வரை இருந்தது.

வெளியே டீக்கடையில் தொடங்கும் சண்டை.
வெள்ளியங்கிரி பழசின் கட்சி:
"புதுசெல்லாம் மழையிலயே வருது,
இருட்டுக்குள்ளயே அடிச்சுக்குது,
எது வாலு எது காலுன்னு தெரியறதில்லீங்.
பழசு பட்டப்பகல்ல வரும்.
அட்டை வீடுதான்,
ஆனா மிதிக்கறது ஒருத்தன் காலு."

கோகிலவாணி விடமாட்டாள்:
"உங்குளுது நடந்தா கிலோக் கணக்கு,
என்றது நடந்தா டன் கணக்கு.
சீட்டே ஆடுச்சுங்ண்ணா."
"அது எப்பவும் ஆடும் கண்ணு,
போல்ட்டு இல்ல."

நொய்யலிலிருந்து ஒன்று எழுந்தால்?
திங்கள் எழுந்தால் நீலம், வியாழன் என்றால் மெரூன்,
ஷேட் கார்டு வைத்துத்தான் அடையாளம் சொல்ல வேண்டும்
என்றேன்.
திகம்பர் யோசித்துச் சொன்னான்:
"நுரை பாக்கும். திரும்பிப் போகும்."

எனக்குக் கட்சி இல்லை.
புதுப்படம் முடிந்து எல்லோரும்
பைக் எடுக்க ஓடும்போது
ஓடும் பெயர்களுக்காக உட்கார்ந்திருப்பேன்.
ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர்.
அந்த முதுகின் செதில்களை
ஒவ்வொன்றாகப் பார்த்து ஓகே சொன்னவள்
இதில் எந்த வரியில் போகிறாளோ.
டார்ச்சோடு வருபவர்
"இன்னும் என்னம்மிணி" என்பார்.

போன வாரம், ரூமில், ஒன்றரை மணிக்கு
போனில் கறுப்புவெள்ளைப் படம் ஒன்று.
நகரம் எரிகிறது. மிருகம் திரும்புகிறது.
நிறுத்தினேன்.
நாளைக்கு எண்ணூறு பீஸ் பார்க்கும் கண் இது,
தப்பாது.
பிடரியில் தையல் பிரிந்திருக்கிறது.
விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன்.
உள்ளே வெள்ளையாய்
வேர்த்து ஒட்டிப்போன
ரிப் கழுத்து பனியன்.

எவ்வளவு நேரமாய் நின்றிருப்பான்
அந்த ரப்பர் அங்கராக்குக்குள்.
முதுகில் காற்று பட்டதும்
அப்பாடா என்றிருக்குமா.
தைத்தவர் யார், பார்த்தும் விட்டவர் யார்.

பையில் எப்போதும் கிடக்கும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து
போன் கண்ணாடியில் சரியாய் அங்கே ஒட்டினேன்.
கைதான். பழக்கம்.

கோகிலவாணியின் போனில் வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டேன்.
முதல் மணியிலேயே எடுத்தார்,
அவரும் தூங்கவில்லை.
"பிரிஞ்சிருக்குதா? எத்தன இன்ச்சு?"
"ஒண்ணரை இருக்குமுங்."
மூச்சு மட்டும் கேட்டது.
பின்னால் அவர் வீட்டு டிவியில்
எதுவோ இடிந்து விழுந்தது.
"ஆல்டருக்குப் போட்றாத அம்மிணி.
உடு, ஓடட்டும்."

தொட்டேன். ஓடியது.
மிருகம் பிடரியைத் திருப்பிக்கொண்டு
கடலுக்குள் இறங்கியது.
அம்பு மட்டும் நின்ற இடத்திலேயே
முதலில் புகையை,
பிறகு ஒரு கூரையை,
பிறகு ஓடிவரும் ஒரு பெண்ணைக்
காட்டிக்கொண்டிருந்தது.