வெற்றெடை

சிரில் வீட்டு ஞானஸ்நானம், எழுபது பேருக்குக் கேக்.
பியற்றிஸின் கொப்பியில் இருப்பது இருபது பேருக்கு.
அந்த அளவை நானும் குத்துமதிப்பாய்ச் சிலமுறை போட்டிருக்கிறேன்,
யாரும் திருப்பி அனுப்பவில்லை.
இப்போது மூன்றரையால் பெருக்க வேண்டும்.
முக்கால் கோப்பை ரவையைப் பெருக்கினால்
இரண்டரையே அரைக்கால் என்று வந்து நிற்கிறது.
அரைக்கால் கோப்பையை யார் கண்டது?

அதோடு அவள் எழுத்து:
மா இரண்டு நீலக் கோப்பை, தலை தட்டி.
சீனி ஒன்றரை, தட்டாமல்.
கஜு, கையில் இருக்கிறபடி.
பால், மா கேட்கிற மட்டும்.

மா கேட்பது எனக்குக் கேட்காது.
நான் துறைமுகத்தில் பதினேழு வருஷம்
எடைப்பாலத்தில் சீட்டு எழுதினவன்.
லொறி ஏறும், நிறை எடை.
இறக்கிவிட்டு வரும், வெற்றெடை.
கழித்தால் சரக்கு.
கிளீனர் ஒளித்துத் தட்டில் நின்றாலும்
ஊசி காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாம் குறுக்குத் தெருவில்
பேரம் பேசி வாங்கிய தராசு,
ஒரு சாப்பாட்டுப் பீங்கான் அகலம்கூட இல்லை.
கோப்பையை வைத்தேன்: முந்நூற்றுப் பன்னிரண்டு.
பொத்தானை அழுத்தினேன்: பூச்சியம்.
இவ்வளவு சுலபமாய் ஒன்றை இல்லாமலாக்க
எங்கள் பாலத்தில் வசதி இருக்கவில்லை.

முதலில் தண்ணீர். இருநூற்றுப் பத்து.
ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர். இருநூற்றுப் பத்து.
எங்கள் பைப்பில் வருவது எப்போதாவதுதான்,
வந்தால் நேர்மையாய் வருகிறது.

மா அப்படியில்லை.
அரித்துப் போட்டால் நூற்றேழு.
கோப்பையாலேயே அள்ளினால் நூற்றிருபத்தொன்பது.
மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால்
குழி விழுந்து இன்னும் இடம் கேட்கிறது,
நூற்று முப்பத்தாறு.
ஜம்பட்டா வீதியில் பஸ் பிறேக் பிடித்தால்
தராசில் ஒரு கிராம் துடிக்கிறது.
சீனி பரவாயில்லை, குவித்து நூற்றுத் தொண்ணூறு,
ஒன்றிரண்டு முன்னே பின்னே.

டோகாவுக்கு எடுத்தேன்.
ஹோட்டல் குசினி, பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.
"எப்பிடி அள்ளுவாய், சொல்லு.
அமத்தியா, அமத்தாமலா?"
சிரித்தாள்.
"மறந்து போச்சப்பா. இங்க எல்லாம் கிராம்தான்.
கோப்பையால அளந்து மூண்டு வருஷம்."
பிறகு, "பொறுங்கோ, கை சொல்லும்" என்று
போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு
இல்லாத கோப்பையால் இல்லாத மாவை அள்ளினாள்,
சுண்டுவிரலால் தலை தட்டினாள்.
இன்னொருமுறை செய்யச் சொன்னேன்.
செய்தாள். வேறு மாதிரி இருந்தது.
"நூற்றிப் பதினெட்டு எண்டு எழுதுங்கோ.
பிழைச்சா நாளைக்குப் போன் அடியுங்கோ."

அவள் பென்சில் எழுத்துக்குப் பக்கத்தில்
பேனையால் எழுதினேன்:
மா, எண்ணூற்று இருபத்தாறு கிராம்.
சீனி ஒரு கிலோவுக்கு இரண்டரை கிராம் குறைய வந்தது,
கிலோ என்றே போட்டேன்.
இரண்டரை கிராம் பிள்ளைக்கு, என் கணக்கில்.
பாலுக்கு இலக்கம் போடவில்லை.

வைக்க முதல் கேட்டாள்,
"அந்தக் கோப்பை இருக்குதா?"

இருக்கிறது.
கட்டுநாயக்காவில், உள்ளே போக முதல்,
வாசல் தராசில் பெட்டி முப்பது கிலோவைத் தாண்டி
முந்நூறு கிராமில் நின்றது.
பின்னால் ஆட்கள், தள்ளுவண்டிகள்.
குந்தியிருந்து பெட்டியைத் திறந்தாள்,
நீலச் சட்டைக்குள் சுற்றியிருந்ததை எடுத்து
என் கையில் தந்தாள்,
சட்டையை மட்டும் திரும்ப உள்ளே வைத்தாள்.
பன்னிரண்டு கிராம் மிச்சத்தோடு அவள் பறந்தது
இன்றைக்குத்தான் தெரிகிறது.

மாவைச் சட்டிக்குள் கொட்டினேன்.
வெறுங்கோப்பையைத் தராசில் வைத்து, எடுத்தேன்.
மைனஸ் முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஒரு நிமிஷம் அப்படியே காட்டிக்கொண்டிருந்துவிட்டு
பற்றரியை மிச்சம் பிடிக்கத்
தானாய் அணைந்தது.